கையெழுத்துப் போடும் முன்

பார்க்கின்சன் நோய் என்றதும் நடுங்கும் கையும் குறுகிய நடையும்தான் வெளியார் நினைவுக்கு வரும். நோயாளியோடு வாழ்பவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் தங்கை மகனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பார்கள். மாதம் ஒரு பட்டுப்புடவை வாங்கிப் பிரிக்காமலே பீரோவில் அடுக்குகிறார் என்பார்கள். நேர்மாறாகவும் சொல்வார்கள்: மாடி ஒழுகுகிறது, வங்கியில் பணம் கிடக்கிறது, மேஸ்திரிக்கு முன்பணம் கொடுக்க மட்டும் அவருக்கு மனம் வரவில்லை, யார் வந்தாலும் ஏமாற்ற வந்தவன் என்கிறார்.

இந்த இரண்டு கோலமும் ஒரே நோயில் வரும். சில சமயம் ஒரே ஆளிடம், ஆண்டுகள் இடைவெளியில் வரும். லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் இந்த நோயை விவரித்தபோது இது அறிவைத் தொடாத நோய் என்றே கருதினார். இன்றும் பல குடும்பங்கள் அப்படித்தான் நினைக்கின்றன. கணக்குப் போடுகிறார், பழைய தேதிகளை எல்லாம் சொல்கிறார், செய்தித்தாள் படிக்கிறார், ஆகவே முடிவெடுப்பதில் கோளாறு இருக்காது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். நினைவாற்றல் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கும் ஒருவரே அன்று மாலை ஓய்வூதியப் பணத்தை ரம்மியில் தொலைக்க முடியும். இரண்டும் மூளையில் வேறு வேறு வேலைகள்.

லாபத்தின் ருசி, நஷ்டத்தின் சூடு

நடுமூளையில் கறுப்பாகத் தெரியும் ஒரு சிறு பகுதி டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது. இந்த நோயில் அந்தச் செல்கள் அழிகின்றன. டோபமின் உடலை அசைப்பதற்கு மட்டும் உதவுவதல்ல. செய்த காரியம் எதிர்பார்த்ததைவிட நன்றாக முடிந்தால் அதன் அளவு ஏறும். மோசமாக முடிந்தால் சட்டென்று இறங்கும். அந்த ஏற்றமும் இறக்கமும்தான் எதைத் திரும்பச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது என்று மூளைக்குச் சொல்லிக்கொடுக்கின்றன.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், அழிவு எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. அசைவைக் கவனிக்கும் பகுதிக்குப் போகும் டோபமின் முதலில் வற்றுகிறது. ஆசை, பரிசு, மதிப்பு ஆகியவற்றைக் கவனிக்கும் பகுதிக்குப் போவது பல ஆண்டுகள் தாக்குப்பிடிக்கிறது. ஒரே வாய்க்காலில் பாயும் இரண்டு வயல்களை நினைத்துக்கொள்ளுங்கள். மேட்டு வயல் வெடித்துக் கிடக்கிறது, பள்ளத்து வயலில் ஈரம் இருக்கிறது. மேட்டுக்கு எட்டும் அளவுக்கு மடையைத் திறந்தால் பள்ளத்துப் பயிர் நீரில் அழுகும். டோபமினை ஈடுகட்டத் தரும் மருந்தில் நடப்பதற்குத் தேவையான அளவு, ஆசையைக் கவனிக்கும் பகுதிக்கு மிகையாகிப் போவது இப்படித்தான்.

மைக்கேல் ஃபிராங்க் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 2004இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஒரு சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. திரையில் இரண்டிரண்டாகக் குறிகள் வரும். ஒன்றைத் தேர்ந்தால் பெரும்பாலும் சரி என்று வரும், மற்றொன்றைத் தேர்ந்தால் பெரும்பாலும் தவறு என்று வரும். மருந்து எடுக்காத நிலையில் நோயாளிகள் தவறானதை விலக்குவதில் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள். மருந்து எடுத்த நிலையில் சரியானதைத் தேடிப் பிடிப்பதில் கெட்டிக்காரர்கள் ஆனார்கள், விலக்குவதில் தடுமாறினார்கள். அதாவது மாத்திரை உள்ளே இருக்கும்போது லாபத்தின் ருசி மனதில் நிற்கிறது, நஷ்டத்தின் சூடு உறைப்பதில்லை. ஒழுகும் மாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரையும் ஜாமீன் போடுபவரையும் சேர்த்துப் புரிந்துகொள்ள இந்த ஒரு சோதனை போதும் என்பது என் எண்ணம்.

இதை வைத்து, பார்க்கின்சன் வந்தவர் எல்லாம் சூதாடி ஆகிவிடுவார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மருந்தே தொடங்காத நோயாளிகளை நோயில்லாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, கட்டுப்பாடற்ற நடத்தைகளில் இருவருக்கும் வேறுபாடு தெரியவில்லை. மருந்தில்லாத நோயாளி பொதுவாக எச்சரிக்கையானவர், புதியதைத் தொடத் தயங்குபவர். துணிச்சல் பெரும்பாலும் மருந்தோடு வருகிறது. அதிலும் குறிப்பிட்ட ஒரு வகை மருந்தோடு.

எந்த மாத்திரை

உங்கள் மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள். நம்மூரில் பலரும் சிண்டோபா என்று சொல்லும் லெவோடோபா கலந்த மாத்திரை இருக்கும். அதோடு பிரமிபெக்சோல், ரோபினிரோல் என்ற பெயர்களில் ஒன்று இருக்கிறதா? அல்லது தோலில் ஒட்டும் ரோடிகோடின் பட்டை? இவற்றை டோபமின் அகோனிஸ்ட் என்பார்கள். டோபமினைப் போல நடிப்பவை. ஆசையைக் கவனிக்கும் பகுதியில் நிறைந்திருக்கும் ஒரு வகை ஏற்பியில் இவை விரும்பி ஒட்டுகின்றன. நல்ல மருந்துகள்தான். இளவயதில் நோய் வந்தவர்களுக்கு மருத்துவர்கள் இவற்றைத் தருவதற்குத் தக்க காரணம் உண்டு. ஆனால் கண் வைத்துக்கொள்ள வேண்டியவை.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 46 மையங்களில் 3,090 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், 13.6 சதவீதம் பேருக்குச் சூதாட்டம், அடங்காத காம இச்சை, கட்டுமீறிய கொள்முதல், கட்டுமீறிய தீனி ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தது. அகோனிஸ்ட் எடுத்தவர்களிடம் 17.1 சதவீதம், எடுக்காதவர்களிடம் 6.9 சதவீதம். இது ஒரு நேரத்தில் எடுத்த கணக்கு. பிரான்ஸில் நோயாளிகளை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2018இல் வெளியான ஆய்வில், அகோனிஸ்ட் எடுத்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு எப்போதாவது ஒரு கட்டத்தில் இந்தத் தொல்லை வந்திருந்தது. முதல் ஆண்டு ஒன்றும் வரவில்லை என்று நிம்மதியாக இருந்துவிடக்கூடாது என்பது இதன் பொருள்.

அந்த நாட்டிலேயே ஒரு வழக்கும் நடந்தது. குடும்பஸ்தர், ஊரில் மதிப்புள்ளவர், ரோபினிரோல் எடுக்கத் தொடங்கிய பிறகு இணையச் சூதாட்டத்தில் சேமிப்பை எல்லாம் இழந்தார், பணத்துக்காகத் திருடும் அளவுக்குப் போனார், தற்கொலைக்கும் முயன்றார். மருந்தை நிறுத்தியதும் எல்லாம் நின்றது. 2012இல் ரென் நகர மேல்முறையீட்டு நீதிமன்றம் மருந்து நிறுவனம் அவருக்கு ஏறத்தாழ 1,97,000 யூரோ இழப்பீடு தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே, 2005இல், அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் இப்படிப்பட்ட 11 நோயாளிகளைப் பற்றி எழுதியிருந்தார்கள்.

இளவயதில் நோய் வந்தவர், குடும்பத்தில் குடியோ சூதாட்டமோ இருந்தவர், புகைபிடிப்பவர், அதிக அளவு மருந்து எடுப்பவர் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். ஆண்களிடம் காம இச்சையும், பெண்களிடம் கொள்முதலும் தீனியும் அதிகம் தெரிகின்றன.

பூனைக்காலி விதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அதில் லெவோடோபாவே இருக்கிறது. நாட்டு மருந்துக்கடைச் சூரணத்தைச் சிண்டோபாவுக்கு மேல் 'சத்துக்கு' என்று சாப்பிட்டால் மருந்து அளவு யாருக்கும் தெரியாமல் ஏறிக்கொண்டிருக்கும். சாப்பிடுவதாக இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள்.

நம் வீட்டில் அது எப்படித் தெரியும்

புத்தகங்களில் கேசினோ என்று இருக்கும். நம் வீட்டில் அது கைப்பேசி. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. வெளிநாட்டுச் செயலிகள் அதற்குக் கட்டுப்பட்டு நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. தமிழ்நாட்டில் லாட்டரி 2003 முதல் கிடையாது. எல்லை தாண்டினால் கேரளச் சீட்டு கிடைக்கும். சட்டப்படியே நடக்கும் பங்குச்சந்தை எதிர்கால, விருப்ப ஒப்பந்த வணிகமும் இருக்கிறது. 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணம் இழந்தார்கள் என்று பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியே கணக்குச் சொன்னது. மூளை தெளிவாக இருப்பவர்களின் கதியே அது. 'அப்பா ஷேர் பார்க்கிறார், நல்ல பொழுதுபோக்கு' என்று பிள்ளைகள் பெருமைப்படும் வீடுகளில் ஒரு முறை வங்கிக் கணக்கைப் பார்ப்பது நல்லது.

யாரும் சந்தேகப்படாத ஒன்று, தாராளம். கேட்டவருக்கெல்லாம் கைமாற்று, கோயிலுக்குத் திடீரென்று பெருந்தொகை, வேலைக்காரம்மாவின் மகளுக்கு நகை. கட்டுமீறிய கொடை என்று மருத்துவ இதழ்களில் இது பதிவாகியிருக்கிறது. சூதாடினால் ஊர் ஏசும், கொடுத்தால் ஊர் புகழும். அதனால் இது கண்டுபிடிக்கப்படும்போது நிலைமை முற்றியிருக்கும். முன்பும் கொடுத்தவர்தானா, எவ்வளவு கொடுத்தார், வீட்டுக்குத் தெரிந்து கொடுத்தாரா என்று பாருங்கள்.

அடுத்தது மனைவிமார் வாய்விட்டுச் சொல்லாதது. அறுபத்தைந்து வயதில் ஓயாத வற்புறுத்தல், கைப்பேசியில் ஆபாசப் படங்கள், 'எவனோடு பேசினாய்' என்ற காரணமில்லாத சந்தேகம். கணவர் மாறிவிட்டார் என்று அழுதுகொண்டு ஆண்டுக்கணக்கில் பொறுத்துப்போகும் பெண்கள் உண்டு. அம்மா, இது மருந்தின் விளைவாக இருக்கலாம், குறைக்க வழி உண்டு. டாக்டர் அறையில் அவர் முன்னால் சொல்லக் கூசினால் ஒரு துண்டுத்தாளில் எழுதி, சீட்டோடு சேர்த்து உள்ளே அனுப்பிவிடுங்கள்.

ரேடியோவைப் பிரித்துப் பிரித்து மாட்டுவது, விடிய விடிய அலமாரியை அடுக்குவது போன்றவையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். பணம் போகாததால் பொறுத்துக்கொள்வோம். தூக்கம் போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

புதிதாக ஏற்படும் எல்லா ஆர்வத்தையும் நோய்க்கணக்கில் எழுதிவிடவும் கூடாது. ஓய்வுபெற்ற பிறகு ஓவியம் கற்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. அது மருந்து மாற்றிய பிறகு வந்ததா, மறைத்துச் செய்கிறாரா, நிறுத்தச் சொன்னால் நிறுத்த முடிகிறதா, தூக்கத்தையோ பணத்தையோ தின்கிறதா என்று பார்த்தாலே பெரும்பாலும் விடை தெரிந்துவிடும். இவற்றில் மறைப்பதுதான் என் அனுபவத்தில் மிக உறுதியான அடையாளம். தப்பு என்று அவருக்கே தெரிகிறது, நிறுத்த முடியவில்லை.

எப்படிக் கேட்பது

வீடு முழுக்கக் கூடி உட்கார்ந்து விசாரித்தால் அவர் இல்லை என்பார், அதோடு கதவு மூடிவிடும். பழியை மாத்திரையின் மேல் போட்டுத் தொடங்குங்கள். ஒருவர் மட்டும், அவர் அதிகம் மதிக்கும் பிள்ளையோ தம்பியோ, நடந்துபோகும்போது கேட்கலாம்.

"அப்பா, இந்த மாத்திரை சாப்பிடறவங்க சில பேருக்குச் செலவு பண்ணணும், சீட்டாடணும்னு ஒரு வேகம் வருமாம். டாக்டருங்க எல்லார்கிட்டயும் கேப்பாங்களாம். உங்களுக்கு அப்படி ஏதாச்சும் இருக்காப்பா?"

"எனக்கு என்னடா, அதெல்லாம் இல்ல."

"சரிப்பா. வந்தா என்கிட்ட சொல்லுங்க. மாத்திரைய மாத்துனா போயிடுமாம்."

முதல் நாள் இவ்வளவு போதும். மாற்றினால் போய்விடும் என்ற ஒரு வாக்கியம் அவர் மனதில் கிடந்து வேலை செய்யும். பல மருத்துவமனைகளில் இதற்கென்றே தயாரித்த சிறு கேள்வித்தாள் உண்டு. நோயாளியும் வீட்டாரும் தனித்தனியே நிரப்பலாம். மருத்துவர் தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அகோனிஸ்டை மெல்ல மெல்லக் குறைத்து, தேவைப்பட்டால் லெவோடோபாவைக் கூட்டித்தான் மருத்துவர் இதைச் சரிசெய்வார். குறைக்கும்போது சிலருக்குப் பதற்றம், மனச்சோர்வு, வியர்வை, அந்த மாத்திரையே வேண்டும் என்ற ஏக்கம் வரும். லெவோடோபா கொடுத்தாலும் அது தணியாது. இதைப் பார்த்து வீட்டார் பயந்து பழைய அளவையே கொடுத்துவிடுகிறார்கள். மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள், இன்னும் மெதுவாகக் குறைக்க முடியும். மருந்தோடு மனநல ஆலோசனையும் பயன் தருவதாக லண்டனில் நடந்து 2013இல் வெளியான ஒரு சோதனை காட்டியது. தமிழில் பேச இலவச எண் டெலிமானஸ் 14416.

முகமும் குரலும்

முடிவு என்பது தனியாக உட்கார்ந்து எடுப்பது குறைவு. எதிரில் ஒருவர் இருக்கிறார், பேசுகிறார், அவர் முகத்தைப் படித்துத்தான் நம்புகிறோம் அல்லது விலகுகிறோம். பார்க்கின்சன் அங்கேயும் கைவைக்கிறது. மற்றவர் முகத்தில் கோபம், அருவருப்பு, பயம் போன்றவற்றைக் கண்டுகொள்வது பல நோயாளிகளுக்குக் கடினமாகிறது. எதிராளி மனதில் என்ன ஓடுகிறது என்று ஊகிப்பதும், கிண்டலைக் கிண்டல் என்று புரிந்துகொள்வதும் தட்டுத்தடுமாறுகின்றன. ஆஸ்திரியாவில் நடந்து 2015இல் வெளியான ஒரு சோதனையில் நோயாளிகளிடம் சிறு தொகை கொடுத்து, முன்பின் தெரியாதவரிடம் எவ்வளவு கொடுப்பீர்கள், கொடுத்தது பெருகும், அவர் பங்கு திருப்பித் தரலாம், தராமலும் போகலாம் என்றார்கள். நோயாளிகள் நோயில்லாதவர்களைவிடக் குறைவாகவே நம்பிக் கொடுத்தார்கள். ஆகவே 'யாரையும் நம்பமாட்டேன் என்கிறார்' என்ற புகாருக்கும் உடலில் வேர் இருக்கலாம்.

இதன் மறுபாதியை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்: அவர் முகத்தை நம்மாலும் படிக்க முடிவதில்லை. தசை இறுகி முகம் உணர்ச்சி காட்டாமல் இருக்கும். குரல் தணிந்துவிடும். பதில் வர நேரமாகும். அதற்குள் மகன் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவான். 'அப்பா ஒண்ணும் சொல்லல, சரின்னுதான் அர்த்தம்' என்று நிலத்துக்கு விலை பேசப்பட்டுவிடும். இந்த நோயில் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது அநியாயம். கேள்வி கேட்டபின் மனதுக்குள் பத்து எண்ணும் வரை காத்திருங்கள். தொலைக்காட்சியை அணையுங்கள். எதிரில் உட்கார்ந்து கேளுங்கள்.

ஆர்வமின்மை என்றொரு நிலையும் இந்த நோயில் உண்டு. அதில் இருப்பவரிடம் 'என்ன செய்யலாம்?' என்று கேட்டால் 'உங்க இஷ்டம்' என்றுதான் வரும். 'மாடியை இந்த மாதம் பூசலாமா, மழை முடிந்து பூசலாமா?' என்று இரண்டில் ஒன்றாகக் கேளுங்கள். பதில் வரும்.

எந்த நேரத்தில்

லெவோடோபா எடுப்பவர்களுக்கு ஒரு நாளிலேயே 'ஆன்', 'ஆஃப்' என்று இரண்டு காலம் உண்டு. மருந்து இறங்கிய ஆஃப் நேரத்தில் உடல் மட்டும் இறுகுவதில்லை. பலருக்குக் கலக்கமும் அவநம்பிக்கையும் சேர்ந்து வரும். அப்போது கேட்டால் எதற்கும் வேண்டாம் என்பார். சிலருக்கு மருந்து உச்சத்தில் இருக்கும்போது மனமும் சேர்ந்து பறக்கும். எதற்கும் சரி என்பார். இரண்டு வாரம் ஒரு நோட்டில் மாத்திரை நேரத்தையும் மனநிலையையும் குறித்து வந்தால், அவர் நிதானமாக இருக்கும் வேளை எது என்று தெரிந்துவிடும். வங்கி, பத்திரம், பெண் பார்க்கும் பேச்சு எல்லாம் அந்த வேளைக்குப் போகட்டும்.

பெரிய முடிவு எதையும் இரண்டு வேறு நாள்களில், இரண்டு முறை கேட்டு, இரண்டு முறையும் அதே பதில் வந்தால் மட்டும் நடத்துவது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த நூலிலிருந்து ஒரே ஒரு பழக்கத்தைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். துணிச்சல் மிகுந்தவருக்கும் தயக்கம் மிகுந்தவருக்கும் இது ஒருசேரப் பொருந்தும். அவர் உரிமையும் அவரிடமே இருக்கிறது.

வங்கியில், பத்திர அலுவலகத்தில்

காவல் போடுவது வேறு, அவரே முன்கூட்டி ஏற்பாடு செய்துகொள்வது வேறு. நோய் தெரிந்த முதல் ஓரிரு ஆண்டுகளில், மனம் தெளிவாக இருக்கும்போதே, அவரே கேட்டுச் செய்யும் ஏற்பாடு நிலைக்கும். பின்னால் பிள்ளைகள் பறித்து வைத்தால் அவர் வேறு கணக்குத் தொடங்குவார்.

அன்றாடச் செலவுக்கு ஒரு கணக்கு அவர் பெயரில் தனியாக இருக்கட்டும். அதில் அவர் என்ன செய்தாலும் யாரும் கேட்கக்கூடாது. பெருந்தொகை வேறு கணக்கில், இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் எடுக்க முடியும் என்ற முறையில் இருக்கட்டும். நம்மூரில் ஜாயின்ட் அக்கவுண்ட் என்றால் பெரும்பாலும் யாராவது ஒருவர் எடுக்கலாம் என்ற முறையில்தான் தொடங்குவார்கள். படிவத்தில் பார்த்து மாற்றுங்கள். யூபிஐ வரம்பைக் குறைக்கலாம். அட்டையில் இணையப் பரிவர்த்தனையையும் வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் செயலியிலேயே அணைத்துவைக்கலாம். குறுஞ்செய்தி இருவர் எண்ணுக்கும் வரும்படி செய்ய முடியுமா என்று வங்கியில் கேளுங்கள்.

கையெழுத்து ஒரு தனித் தொல்லை. எழுத்து வரவரச் சிறுத்துக்கொண்டே போகும், காசோலை திரும்பி வரும். மாதிரிக் கையெழுத்தை வங்கியில் புதுப்பித்துக்கொள்ளுங்கள். கையெழுத்தே போட முடியாதவருக்கு, ஒரு வங்கி அதிகாரி உட்பட இரண்டு சாட்சிகள் முன் கைரேகை வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி விதிகளில் இடம் உண்டு. 'கையெழுத்து வரலை, எனக்கு மாத்திக்கொடுங்க' என்று எந்த உறவினர் சொன்னாலும் இந்த விதியை நினைவில் வையுங்கள்.

சொத்தில் அவசரம் வேண்டாம். தான செட்டில்மெண்ட் எழுதிப் பதிவுசெய்து பெற்றவர் ஏற்றுக்கொண்டால் நினைத்தபோது ரத்துசெய்ய முடியாது. உயிலை எத்தனை முறையும் மாற்றலாம். முடிவுகள் ஊசலாடக்கூடிய நோயில் உயில்தான் பாதுகாப்பு என்பது என் கருத்து. செட்டில்மெண்ட்தான் எழுதவேண்டும் என்றால், கடைசிவரை பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள்; அப்போது 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு துணைக்கு வரும். பவர் பத்திரம் எழுதி வைத்துவிட்டால் கவலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். எழுதிக்கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால் அந்த அதிகாரமும் சட்டப்படி முடிந்துபோகும். நடமாட முடியாதவர் வீட்டுக்கே சார்பதிவாளர் வந்து பதிவுசெய்யச் சட்டம் இடம் தருகிறது. நல்ல வசதி. யாரோ அவசரப்படுத்தும்போது அதே வசதி ஆபத்தும் ஆகும். அன்று வீட்டில் வேறு ஒருவரும் இருங்கள்.

உடலைச் சார்ந்த துணிவைப் பற்றி இங்கே ஒன்றே ஒன்று. அகோனிஸ்ட் சிலருக்கு முன்னறிவிப்பே இல்லாமல் தூக்கத்தைக் கொண்டுவரும். ஒரு முறை அப்படி நடந்திருந்தாலும் வண்டிச் சாவியை மருத்துவரிடம் பேசும்வரை எடுக்கக்கூடாது.

மூளை அறுவைக்குப் பின்

ஆழ்மூளைத் தூண்டல் அறுவையில் மின்முனை வைக்கும் இடங்களில் ஒன்று, இரண்டு தேர்வுகள் சரிக்குச் சமமாக இருக்கும்போது 'பொறு' என்று நிறுத்திவைக்கும் இடம். தூண்டல் ஓடும்போது கடினமான தேர்வுகளிலும் நோயாளிகள் நிதானிக்காமல் விடை சொன்னதை மேலே சொன்ன ஃபிராங்க் குழுவினர் 2007இல் காட்டினார்கள். அறுவைக்குப் பின் மருந்து குறைவதால் பழைய சூதாட்டம் சிலருக்கு மறைந்தும் போகிறது. வேறு சிலருக்கு எதிலும் பற்றில்லாத நிலை வருகிறது. கருவியின் அளவுகளை மருத்துவர் மாற்றி மாற்றிச் சரிபார்க்கும் மாதங்களில் சொத்து, திருமணம், வேலை பற்றிய கையெழுத்து எதுவும் வேண்டாம். அறுவைக்கு முன்பே குடும்பத்தில் இதைப் பேசி முடித்துவிடுங்கள்.

ஏற்கெனவே போய்விட்டது என்றால்

இணைய மோசடி என்றால் தெரிந்த அந்த நிமிடமே 1930 எண்ணுக்கு அழையுங்கள். மணிக்கணக்கில் தாமதித்தால் பணம் பல கணக்கு தாண்டிவிடும். அடகுக் கடைச் சீட்டுகளைத் தேடி எடுத்து, ஏலத் தேதிக்கு முன் எவற்றை மீட்க முடியும் என்று பாருங்கள். நிபந்தனையோடு எழுதிய செட்டில்மெண்டில் பராமரிப்புக் கிடைக்கவில்லை என்றால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். ஒப்பந்தம் போடும்போது தெளிவான மனநிலை இல்லை என்று நீதிமன்றத்தில் நிரூபிப்பது இந்த நோயில் எளிதல்ல. நன்றாகப் பேசுகிறாரே என்பார்கள். ஆனாலும் எந்த மாத்திரை, எந்தத் தேதியில், எந்த அளவில் தொடங்கியது என்று மருத்துவரிடம் கடிதம் வாங்கி வையுங்கள். கடன் கொடுத்தவரிடம் பேசும்போதும், வீட்டுக்குள்ளேயே அவர் மேல் பழி சொல்லும் உறவினரிடம் பேசும்போதும் அந்தக் கடிதம் பயன்படும்.

பிறகு அவருடைய மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில், மருந்தின் பெயர், எடுத்த காலம், என்ன நடந்தது என்று மூன்று வரி பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். இரண்டு வருடம் கழித்து வேறு ஊரில் வேறு மருத்துவர், நடையை மட்டும் பார்த்துவிட்டு, அதே மாத்திரையை மறுபடி எழுதக்கூடும்.